அக்பேல் விதை

கர்ஷி, மே 2, 1979

பாசமுள்ள குரம்பாய் அண்ணனுக்கு,

தங்கை அனார்பீகாவின் சலாம். எனக்கு இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? சரோஃபத் அண்ணி எப்படி இருக்கிறார்? என் செல்லம் ஜுமாகுல் என்னைத் தேடுகிறாளா, இல்லை என் அலமாரி கிடைத்த சந்தோஷத்தில் அத்தையை மறந்துவிட்டாளா?

கர்ஷி புல்வெளி என்று பெயர்தான், புல்லைத்தான் காணோம். புதுப் பண்ணை, புது வாய்க்கால், நாலு திசையிலிருந்தும் வந்து குடியேறிய சனங்கள். குளிர்காலத்தில் வாய்க்கால் உடைத்துக்கொண்டதில் எல்லோர் வீட்டு விதையும் அடித்துக்கொண்டு போய், இப்போது கரையெல்லாம் தானாக முளைத்துக் கிடக்கிறது. என் மாமியார் ஒரு வாளியைக் கையில் கொடுத்து, "எல்லாம் வெள்ளரிதான், தண்ணி ஊத்து" என்றார்.

"அத்தை, இலையைப் பாருங்க. மூலை மூலையா கூரா இருந்தா வெள்ளரி. உருண்டையா இருந்தா முலாம். ஆழமா வெட்டுப்பட்டு, கொடி பத்திக்கிற சுருள் ரெண்டா பிரிஞ்சு போச்சுன்னா தர்பூசணி. வெள்ளரிக்கும் முலாமுக்கும் சுருள் பிரியாது, ஒத்தையாத்தான் ஓடும்" என்றேன்.

"மருமகளைக் கூட்டிட்டு வாடான்னா வாத்தியாரம்மாவக் கூட்டிட்டு வந்திருக்கான்" என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அது பண்ணை இயக்குநர் காதுவரை போய், அவரே வந்து கரையைப் பார்த்தார். முலாம்பழத்துக்குப் பேர்போன ஹசோரஸ்ப் பெண் என்றதும் அவர் முகமே மலர்ந்துவிட்டது. உங்கள் மாப்பிள்ளை நோர்மத்தைக் கூப்பிட்டு, வாய்க்காலோரம் நல்ல நிலமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். "இந்த வருஷம் காய்ச்சுக் காட்டு. முலாம் குழுவுக்கு நீதான் தலைவன். இல்லேன்னா பருத்திக்கே திரும்பிப் போ" என்றாராம்.

அண்ணா, அவர் பருத்திக்குத் திரும்பக் கூடாது. விமானத்தில் வந்து ஏதோ மருந்தைத் தூவுகிறார்கள். ஆட்கள் கீழே நிற்கும்போதே தூவுகிறார்கள். அவர் ராத்திரி முழுக்க இருமுகிறார். அதனால் நீங்கள் கல்யாணத்தன்று கொடுத்த அக்பேல் முலாம் விதை முழுவதையும் அந்த நிலத்தில் போட்டுவிட்டோம். பெண்ணோடு விதை போகாது என்பது நம் வீட்டு வழக்கம். எனக்காக நீங்கள் அதை மீறினீர்கள். இடுப்பில் வெள்ளைப் பட்டை கட்டிய நம் வீட்டுப் பழம் இங்கே உருளும்போது முதல் கீற்றை உங்கள் பேரைச் சொல்லித்தான் வெட்டுவேன்.

உங்கள் தங்கை,
அனார்பீகா


ஹசோரஸ்ப், மே 28, 1979

அன்புத் தங்கை அனார்பீகாவுக்கு,

எல்லோரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் என் சலாமைச் சொல்.

விதை முழுவதையும் போட்டிருக்க வேண்டாம். பெரிய மனிதர்களிடம் இப்படி அவசரப்பட்டு வாக்குக் கொடுக்கலாமா? உள்ளூர் விதை ஏதாவது வாங்கி ஓரமாக ஊன்றச் சொல். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும்.

இங்கே இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் பிந்துகிறது. அண்ணி புது அடுப்பு போட்டிருக்கிறாள். ஜுமாகுல் வளர்ந்துவிட்டாள், பெண் கேட்டு வருகிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

உன் அண்ணன்,
குரம்பாய்


கர்ஷி, ஜூன் 20, 1979

பாசமுள்ள அண்ணனுக்கு,

சலாம். அத்தைக்கு மட்டும் பல்வலி, மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம். ஜுமாகுலைக் கேட்டு வந்த பையன் யார், என்ன செய்கிறான் என்று அண்ணியை எழுதச் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். விதை முளைத்தது, ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் கொடி நம் வீட்டுக் கொடி மாதிரி இல்லை. தண்டு மெலிசு. கணுவுக்குக் கணு கிளை வெடிக்கிறது. இலை என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. நம் வீட்டில் ஒரு இலையைப் பறித்து வெயிலுக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்வோமே.

வெப்பத்தால் இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். நேற்று பூத்தது. பிஞ்சு வைத்த பூவைப் பிரித்துப் பார்த்தேன். அண்ணா, அதில் மஞ்சள் தூள் இல்லை. நம் அக்பேலில் பிஞ்சு வைக்கும் பூவுக்குள்ளேயே தூளும் இருக்கும், இதில் சூல்முடி மட்டும் மொட்டையாக நிற்கிறது. பிஞ்சின் மேல் இருக்க வேண்டிய நீள மயிரும் இல்லை, குட்டையாகத் தோலோடு படிந்து கிடக்கிறது. பத்துப் பூவைப் பிரித்தேன், பத்தும் அப்படியே.

இது நாய்க்கொம்மட்டியின் பூ. மணற்காட்டில் ஆடுகூட முகர்ந்துவிட்டுப் போகும் காய். நம் விதையில் அது எப்படி வந்தது? தேனீ ஏதாவது கொண்டுவந்து சேர்த்திருக்குமா? நம் வீட்டில் எப்போதாவது இப்படி ஆனதுண்டா? உடனே எழுதுங்கள். நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

தங்கை,
அனார்பீகா


கர்ஷி, ஜூலை 9, 1979

அண்ணனுக்கு,

எல்லோரும் நலம்தானே? கடிதம் வராததால் உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

இத்துடன் ஒரு பூவை அமுக்கி வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

என் வீட்டுக்காரரிடம் மறைக்க முடியவில்லை. "பூ பூத்திருக்கு, பிஞ்சு பிடிச்சிருக்கு, அப்புறம் ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார்.

"பிஞ்சு சரியில்லைங்க."

"உங்க அண்ணன் கொடுத்ததுதானே? அவருக்குத் தெரியாததா? நீ சும்மா பயப்படாதே" என்று சொல்லிவிட்டு, விசில் அடித்துக்கொண்டே தண்ணீர் பாய்ச்சப் போனார். அந்த மனுஷன் உங்களைக் கல்யாணத்தன்று ஒரே ஒருநாள்தான் பார்த்திருக்கிறார். அதற்குள் அவ்வளவு நம்பிக்கை.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

தங்கை,
அனார்பீகா


ஹசோரஸ்ப், ஜூலை 24, 1979

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். வேலை அதிகம், அதனால் எழுதப் பிந்திவிட்டது. சம்பந்தியம்மாவின் பல்லுக்குக் கிராம்பு வைக்கச் சொல்.

நீ அனுப்பிய பூ வழியிலேயே நொறுங்கிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. நீ வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். உங்கள் மண் புதிது. மண் பழகினால் பழமும் பழகிவிடும். அடுத்த வருஷம் பார்.

ஜுமாகுலுக்கு நிச்சயம் செய்துவிட்டோம். பையன் உர்கெஞ்சில் லாரி ஓட்டுகிறான். கல்யாணம் வசந்தத்தில். நீயும் மாப்பிள்ளையும் கட்டாயம் வர வேண்டும்.

அண்ணன்,
குரம்பாய்


கர்ஷி, ஆகஸ்ட் 12, 1979

அண்ணனுக்கு,

சலாம். ஜுமாகுலுக்கு என் முத்தம். பையன் நல்லவனாக இருக்கட்டும்.

இங்கே நடந்ததை எழுதுகிறேன். போன வாரம் இயக்குநர் மாவட்டத்திலிருந்து இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். அத்தை புது விரிப்பு விரித்து, ரொட்டி சுட்டு, தேநீரோடு காத்திருந்தார். நான் வேண்டாம், இன்னும் பழுக்கவில்லை என்று எவ்வளவோ தடுத்தேன். அவர்கள் நேராக நிலத்துக்குள் இறங்கிவிட்டார்கள். எல்லாக் காயும் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிறது. பட்டையும் இல்லை, வாசனையும் இல்லை. இயக்குநரே ஒன்றை அறுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"என்னம்மா இது, ஆட்டுக்கா மனுஷனுக்கா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? உங்கள் மாப்பிள்ளை அந்தக் காயை வாங்கி, மிச்சக் கீற்றை முழுசாக மென்று விழுங்கினார். அந்தக் கசப்பை ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் விழுங்கிவிட்டு, "இன்னும் நாலு நாள் வெயில் படணும், அவ்வளவுதான்" என்றார். எனக்காக.

நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அவர் பருத்திக்குப் போய்விட்டார். அத்தை என்னிடம் நேரடியாக ஒன்றும் கேட்பதில்லை. ஆட்டிடம் சொல்கிறார்: "சாப்பிடு தாயே, ஹசோரஸ்ப்லேருந்து சீதனமா வந்தது." ஆடும் சாப்பிடவில்லை.

யார் கேட்டாலும் மண் புதிது, மண் பழகவில்லை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் கேட்கிறேன். தேனீ என்றால் சிலது கெடும், சிலது நிற்கும். இங்கே ஒன்றுகூட நிற்கவில்லை. ஒருவேளை சரோஃபத் அண்ணி ஏதாவது தெரியாமல் செய்துவிட்டாரா? விதைப்பாத்தியில் பழம் மாற்றிப் பறித்துவிட்டாரா? இருந்தால் சொல்லுங்கள். நான் அவரிடம் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தங்கை,
அனார்பீகா


ஹசோரஸ்ப், ஆகஸ்ட் 19, 1979

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது, இன்றே எழுதுகிறேன். மாப்பிள்ளையின் இருமலுக்குச் சூடான பாலில் ஆட்டுக்கொழுப்பு கலந்து கொடு.

நீ சொல்வதுபோலத்தான் இருக்கும். நானும் யோசித்துப் பார்த்தேன். போன வருஷம் சரோஃபத் அவசரத்தில் விதைப்பாத்தியில் ஏதோ மாற்றிப் பறித்திருப்பாள். அவளுக்கு எது என்ன என்று தெரியாது, பாவம். அவளிடம் கேட்டு மனதைப் புண்படுத்தாதே. இதை இத்தோடு விட்டுவிடு.

கல்யாண வேலை நடக்கிறது. உனக்கு ஒரு பட்டுச் சட்டைத்துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணன்,
குரம்பாய்


கர்ஷி, செப்டம்பர் 3, 1979

குரம்பாய் அண்ணனுக்கு,

அண்ணி நலமா? அவரை மட்டும்தான் இந்த முறை விசாரிக்கத் தோன்றுகிறது.

கட்டி வந்த பெண் நம் விதைப்பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. அப்பா போட்ட கட்டு அது. அண்ணி வந்து இத்தனை வருஷத்தில் வேலிக்கு வெளியே நின்றுதான் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு அது தெரியும், தெரிந்துதான் அவர் பேரை எழுதினேன். நீங்கள் அதைப் பிடித்துக்கொள்வீர்களா என்று பார்க்கத்தான் எழுதினேன். இரண்டு கடிதத்துக்கு ஒரு பதில் போடும் நீங்கள் அன்றைக்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு இருபது வருஷம் குடித்தனம் செய்த மனுஷியை ஒரு வரியில் விற்றுவிட்டீர்கள்.

மண் பழகினால் பழமும் பழகிவிடும். இந்தப் பேச்சை நான் எங்கே கேட்டேன் என்று உங்களுக்கு ஞாபகம் இல்லையா? விதை கேட்டு வந்த யாருக்கும் அப்பா இல்லை என்று சொன்னதில்லை. அதிகாரி கேட்டாலும் கொடுப்பார், சம்பந்தி கேட்டாலும் கொடுப்பார். ஆனால் கொடுப்பதற்கென்று தனியாக ஒரு பழம் வளரும். சாயங்காலம் அக்பேல் மொட்டைப் பிரித்து அதன் தூளையெல்லாம் கிள்ளி எடுத்துவிட்டு நூலால் கட்டுவார். விடிந்ததும் மணற்காட்டு நாய்க்கொம்மட்டியின் ஆண்பூவைக் கொண்டுவந்து அதில் தடவுவார். பழம் அசல் அக்பேலாகத்தான் காய்க்கும், விதையும் அசல் மாதிரியே இருக்கும், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த வருஷம் அவர்கள் வந்து புலம்பும்போது அப்பா தாடியைத் தடவிக்கொண்டு, "உங்க மண்ணு புதுசு. மண்ணு பழகினா பழமும் பழகிடும்" என்பார். நீங்களும் நானும் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரிப்போம்.

அது வெளி ஆட்களுக்குச் செய்தது. நான் எப்போது வெளி ஆள் ஆனேன்?

ரயில் ஏறியபோது என்று நினைத்துப் பார்த்தேன். நிக்காஹ் முடிந்தபோது என்று நினைத்துப் பார்த்தேன். அதுவும் இல்லை. என் கல்யாணம் போன அக்டோபரில் நடந்தது. பூவில் தூள் வைப்பது ஜூனில். அந்த ஜூனில் நான் உங்கள் வீட்டில்தான் இருந்தேன் அண்ணா. நீங்கள் விடியற்காலையில் பாத்தியிலிருந்து வரும்போது கைகழுவத் தண்ணீர் ஊற்றியது நான்தான். ஒரே தட்டில் சாப்பிட்டோம். விரலில் அந்த மஞ்சள் தூளோடு வந்து, "அனார், இன்னொரு ரொட்டி கொண்டா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் இருமுகிறார். உங்கள் ஆட்டுக்கொழுப்பு ஒன்றும் செய்யவில்லை.

அனார்பீகா


ஹசோரஸ்ப், நவம்பர் 25, 1979

தங்கை அனார்பீகாவுக்கு,

சலாம். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று முதலில் எழுது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

செய்தது நான்தான். சரோஃபத்துக்கு எதுவும் தெரியாது.

உனக்கு நிச்சயமான வசந்தத்தில் நீ விதை கேட்டபோது உன்னை எப்படிப் பார்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. கர்ஷி பெரிய ஊர், அரசுப் பண்ணை, டிராக்டர் இருக்கிறது. மூன்று வருஷத்தில் அங்கே எங்கு பார்த்தாலும் அக்பேலாகக் கிடக்கும். அப்புறம் ஹசோரஸ்புக்கு எவன் வருவான்? இந்தப் பழம் இல்லாவிட்டால் நான் யார்? முழங்கால் போன ஒரு ஆள், அவ்வளவுதான். இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை. சொல்லியிருந்தால் அழுதுகொண்டே போயிருப்பாய். கொடுத்தேன், சிரித்துக்கொண்டு போனாய். நீ சிரித்த முகத்தோடு போக வேண்டும் என்று மட்டும்தான் அன்றைக்கு நினைத்தேன். நீ அதை வைத்துப் பிழைக்கப் பார்ப்பாய் என்று நினைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் நாலு கொடி போடுவாய், காய்க்காது, மறந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

சரோஃபத் பேரை எழுதியதற்கு அவளிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒரு வாரம் எனக்குத் தேநீர் ஊற்றவில்லை. அப்புறம், "அவளுக்கு நல்ல விதையை அனுப்பு, இல்லேன்னா இந்த வீட்டுக் கல்யாணத்துக்கு நான் அடுப்பு மூட்ட மாட்டேன்" என்றாள்.

இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இந்த வருஷப் பழம், நானே அதன் தூளையே அதற்கு வைத்துக் கட்டிய பூ. அப்பாவின் கல்லறை மேல் சத்தியம். மாப்பிள்ளையை மறுபடி நிலம் கேட்கச் சொல். கல்யாணத்துக்கு வா.

உன் அண்ணன்,
குரம்பாய்


கர்ஷி, ஜனவரி 14, 1980

குரம்பாய் அண்ணனுக்கு,

பொட்டலம் வந்து சேர்ந்தது. அண்ணிக்கு என் சலாமைச் சொல்லுங்கள். அவர் சொன்ன வார்த்தைக்காக அவர் காலைப் பிடித்துக் கும்பிடலாம் போலிருக்கிறது. ஜுமாகுல் கல்யாணத்துக்கு வருகிறேன். எனக்கு விருந்தாளிகளோடு இடம் போடுங்கள், அடுப்படியில் வேண்டாம்.

வீட்டுக்காரர் பண்ணை அலுவலகத்துக்குப் போய்ப் பேசினார். இயக்குநர் நல்ல மனுஷர். "போன வருஷ அசிங்கத்தை மறந்துடறேன். விதை நிச்சயமா இருக்குன்னா சொல்லு, ஓரத்துல கொஞ்சம் தர்றேன். இந்தத் தடவையும் பொய்த்தா என்கிட்ட வராதே" என்றாராம்.

வீட்டுக்காரர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "நான் போய்ச் சரின்னு சொல்றேன். நீ ஒரு வார்த்தை சொல்லு. உங்க அண்ணன் விதையை நம்பலாமா?" என்றார்.

தட்டில் பரப்பிப் பார்த்தேன். நீளம் சரியாக இருந்தது. நிறமும் சரி, கனமும் சரி. போன வருஷமும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இலை வந்தால் சொல்லிவிடுவேன் அண்ணா. பூ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவேன். விதையைப் பார்த்து எப்படிச் சொல்வது? கொடுத்த ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் இந்தத் தடவை நல்லதைத்தான் அனுப்பியிருப்பீர்கள் என்றுதான் தோன்றியது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை.

அப்புறம் எழுந்து போய் அடுப்பை மூட்டி, உப்புத் தண்ணீர் தெளித்து, எல்லாவற்றையும் வறுத்துவிட்டேன். தேநீரோடு மூன்று பேரும் கொறித்தோம். "உங்க ஊரு விதை ருசியாத்தான் இருக்கு" என்றார் அத்தை. மறுநாள் காலையில் வீட்டுக்காரர் போய்ப் பருத்திக்கே பேர் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்படிக்கு,
நோர்மத் வீட்டு அனார்பீகா